கதை முடிந்ததும் பிள்ளைகளிடம் என்ன கேட்கிறீர்கள்?

#1 கரும்பலகை

எல்லாருக்கும் வணக்கம். நான் நாலாம் வகுப்பு டீச்சர். 38 பிள்ளைகள். ஒரு விஷயம் இரண்டு நாளாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் தாகமெடுத்த காகத்தின் கதையைச் சொன்னேன். ஈசாப் காலத்துக் கதை. எல்லாருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் நடித்துச் சொன்னேன். காகம் ஜாடிக்குள் எட்டிப் பார்க்கிற இடத்தில் நானே கழுத்தை நீட்டினேன். ஒவ்வொரு கல்லுக்கும் மேசையில் ஒரு தட்டு. பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்றே கேட்டார்கள்.

கதை முடிந்ததும் வழக்கம்போல, "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டோம்?" என்றேன். "முயற்சி செய்தால் வெற்றி பெறலாம் டீச்சர்" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. சரி, இப்போது நீங்களே ஒரு காகக் கதை எழுதுங்கள் என்று தாளைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு எடுத்துவந்து படித்துப் பார்த்தால் 38இல் 31 தாளில் கடைசி வரி ஒன்றேதான்: "ஆகவே நாமும் விடாமல் முயற்சி செய்ய வேண்டும்." காகம் இருந்த இடத்தில் குருவி, ஜாடி இருந்த இடத்தில் வாளி. மற்றதெல்லாம் நான் சொன்னதுதான். கதை கேட்கும்போது அந்த முகங்களில் பார்த்தேனே, அதில் ஒரு துளிகூடத் தாளில் இறங்கவில்லை.

ஒரு தாளில் மட்டும் கதையே இல்லை. நாலைந்து வரி எழுதி ரப்பரால் அழுத்தி அழித்த தடம். அதன் மேல் ஒரே ஒரு வரி: "கல்லு போட்டா தண்ணி மண்ணாயிடாதா?"

அந்தத் தாளில் சிவப்புப் பேனா வைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் எங்கே தவறவிட்டேன்? உங்கள் வகுப்பில் கதை முடிந்ததும் என்ன கேட்கிறீர்கள்?

#2 நூலகப்படி

அந்த ஒரு வரிதான் டீச்சர், அன்றைக்கு உங்கள் வகுப்பில் பிறந்த கதை. மற்ற 31ம் நீங்கள் கேட்ட கேள்விக்கு வந்த பதில். நீதி கேட்டீர்கள், நீதி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் மேல் ஒரு குறையும் இல்லை.

நூலகத்தில் சனிக்கிழமை தோறும் கதைநேரம் நடத்துகிறேன். ஆரம்பத்தில் நானும் உங்களைப் போலத்தான் கேட்டேன். "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்ட உடனே பிள்ளைகள் கதையை விட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். டீச்சர் மனதில் என்ன பதில் இருக்கிறது என்று தேடத் தொடங்குகிறார்கள். அதில் கெட்டிக்காரர்கள் அவர்கள்.

வேதாளம் எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கதையையும் சிக்கலான இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "இதில் யார் செய்தது சரி?" என்று விக்கிரமாதித்தனிடம் கேட்கிறது. நீதி சொல்வதே இல்லை. பதில் தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும், பேசினால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். கடைசிக் கேள்விக்கு மட்டும் ராஜாவுக்கே விடை தெரியவில்லை, பேசாமல் நடக்கிறான். நூற்றாண்டுகளாக அந்தக் கதைகளை நாம் இழுத்துப்பிடித்துக்கொண்டு கேட்பதற்கு அந்தக் கேள்விகள்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

நான் இப்போது கேட்பது நாலே விஷயம். பிடித்த இடம் எது? பிடிக்காத இடம் எது? புரியாமல் குழப்பிய இடம் எது? இதே மாதிரி வேறு எங்கேயாவது கேட்டது, பார்த்தது நினைவுக்கு வருகிறதா? இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஆங்கிலேயச் சிறுவர் எழுத்தாளர் ஐடன் சேம்பர்ஸ் 1980களில் ஆசிரியர்களோடு சேர்ந்து வடிவமைத்த முறை, கொஞ்சம் என் வசதிக்கு மாற்றிக்கொண்டேன். அவர் இன்னொன்றும் சொல்கிறார். "ஏன்?" என்று கேட்காதே, "சொல்லு" என்று கேள். தமிழில் இது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. "ஏன் உனக்குப் பிடிக்கலை?" என்றால் பிள்ளை தப்புச் செய்துவிட்டது போல முழிக்கும். "பிடிக்காத இடத்தைப் பத்திச் சொல்லு கண்ணு" என்றால் பேசும்.

நாலு கேள்வியில் குழப்பிய இடம்தான் தங்கம். அந்தப் பிள்ளை எழுதியது அதுதானே?

#3 அறிவியல் வாத்தியார்

நூலகப்படி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கேள்வியை மாற்றினால் மட்டும் போதாது, கேட்டபிறகு நாம் வாயை மூடவேண்டும்.

மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து ஆராய்ந்தார். ஆசிரியர் கேள்வி கேட்டபிறகு பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான் இருந்தது. அதை 3 விநாடிக்கு மேல் நீட்டச் சொன்னார். பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, மெதுவாகக் கற்பவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். அவர் சொன்னது இரண்டு காத்திருப்பு. கேள்விக்குப் பிறகு ஒன்று, பிள்ளை பதில் சொன்னபிறகு இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்கு மகா கஷ்டமாக இருந்தது. நான் "வெரி குட்" என்று சொன்ன மறு நொடியே மற்ற கைகள் இறங்கிவிடும். சரியான பதில் வந்துவிட்டது, இனி நமக்கு வேலை இல்லை என்று அர்த்தம் செய்துகொள்கிறார்கள். இப்போது பதில் வந்ததும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிறேன். பெரும்பாலும் அதே பிள்ளை, "இல்ல சார், அதுவந்து..." என்று இன்னும் நல்லதாக ஒன்று சொல்லும்.

டீச்சர், அந்தத் தண்ணீர்க் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அதற்குள் அறிவியலே இருக்கிறது. காக்கை இனத்தைச் சேர்ந்த ரூக் என்ற பறவைகள் நிஜமாகவே குழாய்க்குள் கல் போட்டுத் தண்ணீரை உயர்த்தி, மிதக்கும் புழுவை எடுத்ததை 2009இல் இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சிறிய கல்லைவிடப் பெரிய கல்லையே அவை தேர்ந்தெடுத்தன. ஆனால் கதை எல்லா ஜாடியிலும் நடக்காது. ஏறக்குறைய ஒரே அளவுள்ள கற்களைக் கொட்டினால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி மட்டும் மொத்தத்தில் சுமார் 40 சதவீதம் இருக்கும். தண்ணீர் அதைவிடக் குறைவாக இருந்தால் கல் வாய்வரை நிரம்பினாலும் தண்ணீர் மேலே வராது. கல்லுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும்.

கால் ஜாடித் தண்ணீர் மட்டும் கிடைத்த காகம் என்ன செய்திருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

#4 ஐந்தாம் மணி

படிக்க நன்றாக இருக்கிறது. என் நிலைமையைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

என் வகுப்பில் 52 பேர். 40 நிமிஷப் பீரியட். வருகைப் பதிவு, நோட்டு கொடுப்பது வாங்குவது போக 30 நிமிஷம் கைக்கு வரும். ஆளுக்கு அரை நிமிஷம் பேசினாலே 26 நிமிஷம் போய்விடும். எழுதுவது எப்போது?

அடுத்தது, பிழையில்லாமல் அஞ்சு வரி எழுத வராத பிள்ளையிடம் கற்பனையைக் கேட்பது சரியா? முதலில் வாக்கியம், பிறகு பத்தி, பிறகுதான் கதை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 19 வருஷமாக அப்படித்தான் நடத்துகிறேன், என்னிடம் படித்த பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். தேர்வில் "கதையை நிறைவு செய்க" என்று கேட்டால் தலைப்புக்கும் நீதிக்கும் தனித்தனி மதிப்பெண். நீதி வேண்டாம் என்று நான் பழக்கிவிட்டு, மதிப்பெண் போனால் அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

#5 கரும்பலகை

சார், நீங்கள் சொல்வது எதையும் என்னால் தள்ள முடியவில்லை. மதிப்பெண் பயம் எனக்கும் இருக்கிறது. நீதி எழுதவே கூடாது என்பது என் எண்ணமும் இல்லை. தேர்வுக்கு எப்படி எழுதவேண்டும் என்பதை ஒரு வகுப்பில் தனியாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம், அதை அவர்கள் ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். என் கவலை வேறு. அந்த ஒரு வரியை எழுதத் தெரிந்துவிட்டதால் மற்றதை எழுதவே வேண்டாம் என்று ஆகிவிடுகிறதே, அதுதான்.

நேரத்துக்கு மட்டும் ஒன்று தோன்றுகிறது. 52 பேரும் உங்களிடம் பேச வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் பேசட்டும். 26 ஜோடி, எல்லாரும் ஒரே நேரத்தில், மூன்று நிமிஷம். சத்தம் வரும். ஆனால் 52 பேரும் பேசியிருப்பார்கள்.

#6 தூங்காத அம்மா

நான் டீச்சர் இல்ல, இங்க எழுதலாமான்னு தெரியல. என் பொண்ணுக்கு எட்டு வயசு. தினமும் கதை கேட்டுட்டுத்தான் தூங்குவா. இப்ப ஒரு நோட்டுப் போட்டு அவளே எழுதுறா. ஆனா எல்லாமே நான் சொன்ன கதைங்கதான். சிங்கத்தை யானையாக்குவா, முயலை எலியாக்குவா, மத்தது அப்படியே இருக்கும். நேத்து ஸ்கூல்ல அதைப் பார்த்துட்டு "சொந்தமா யோசிக்கணும், காப்பி அடிக்கக் கூடாது"ன்னு எழுதி அனுப்பியிருக்காங்க. அதுல இருந்து நோட்டைத் தொடவே மாட்டேங்குறா. நான் அவளை எப்படி மறுபடி எழுத வைக்கிறது?

#7 நூலகப்படி

தாராளமா எழுதுங்கம்மா, உங்கள் கேள்வி எங்கள் எல்லாருக்கும் வேண்டியதுதான்.

உங்கள் மகள் காப்பி அடிக்கவில்லை. பழகுகிறாள். பாட்டுக் கற்கிற பிள்ளை முதலில் டீச்சர் பாடியதைத்தானே திருப்பிப் பாடுகிறது? சிங்கத்தை யானை ஆக்கினாள் என்றால், கதையில் எதை மாற்றலாம், எதை மாற்றினால் கதை விழுந்துவிடும் என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். முயல் இருந்த இடத்தில் அவள் எலியை வைத்ததைக் கவனியுங்கள். சின்னது பெரியதை ஏமாற்றும் கதை அது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

விளாதிமிர் ப்ராப் என்ற ரஷ்ய ஆய்வாளர் நூறு ரஷ்ய மாயக்கதைகளை எடுத்துப் பிரித்துப் பார்த்து, 1928இல் ஒரு நூல் எழுதினார். ஆட்கள் மாறுகிறார்கள், செயல்கள் மாறவில்லை. மொத்தம் 31 செயல்கள், அவை வரும் வரிசையும் ஏறக்குறைய ஒன்றே. ஒருவர் வீட்டைவிட்டுப் போகிறார், தடை சொல்லப்படுகிறது, தடை மீறப்படுகிறது என்று போகும். அவ்வளவு பெரிய கதை மரபே ஒன்றை ஒன்று மாற்றி மாற்றித்தான் வளர்ந்திருக்கிறது. எட்டு வயதுப் பெண் அதைச் செய்தால் தப்பா?

அதை அடுத்த படிக்குக் கொண்டுபோக வழி இருக்கிறது. ஜான்னி ரோடாரி என்று இத்தாலியில் ஒருவர். பள்ளி ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் இருந்து பிள்ளைகளுக்காக எழுதியவர், 1970இல் சிறுவர் எழுத்தாளர்களுக்கான ஆண்டர்சன் விருது பெற்றார். கதையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது பற்றியே 1973இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அவருடைய முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இரட்டைச் சொல். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் காட்டும் உதாரணம் நாய், அலமாரி. இரண்டையும் வெவ்வேறு விதமாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்.

இத்தாலிய மொழியில் அதற்கு முன்னிடைச் சொற்களைப் (ஆங்கிலத்தில் in, with, of போல) பயன்படுத்துகிறார். நமக்கு அதைவிட அழகாக வேற்றுமை உருபுகள் இருக்கின்றன! ஐ, ஆல், கு, இன், அது, கண். பாருங்கள்: அலமாரியை வளர்த்த நாய். அலமாரியால் தூக்கம் கெட்ட நாய். அலமாரிக்கு ஒரு நாய் இருந்தது. அலமாரியின் நீங்கிய நாய். நாயினது அலமாரி. அலமாரியின்கண் நாய். ஆறு உருபு, ஆறு கதைக்கு வாசல். பேச்சில் "அலமாரியிலிருந்து", "நாயோட", "அலமாரிக்குள்ள" என்று சொல்ல விடுங்கள், அது இன்னும் எளிது.

சென்ற மாதம் கதைநேரத்தில் குடை, கிணறு என்று இரண்டு சீட்டு வந்தது. ஏழு வயதுப் பையன் ஒருவன் எழுதினான்: "கிணத்துக்கு ஒரு குடை வேணும். மழை பெஞ்சா கிணறு நனஞ்சிடும்." அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கிணற்றுக்குள் ஏற்கெனவே தண்ணீர்தானே, அது எப்படி நனையும் என்று ஒரு பெண் கேட்டாள். உள்ளே ஈரம், வெளியே ஈரம் இல்லை என்றான் ஒருவன். அப்படியென்றால் மீன் நனைந்திருக்கிறதா இல்லையா என்று இன்னொரு குரல். பூட்டும் நேரம் தாண்டி அரைமணி. நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்கள் மகளிடம் அந்த நோட்டைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். இரவு நீங்கள் கதை சொல்லும்போது பாதியில், "சிங்கம் கிணத்துக்குள்ள எட்டிப் பாத்துச்சு... ஐயோ, அப்புறம் என்னன்னு எனக்கு மறந்துபோச்சே" என்று நிறுத்திப் பாருங்கள்.

#8 ஐந்தாம் மணி

வேற்றுமை உருபு விஷயம் எனக்கு மிகவும் உபயோகமாக இருக்கிறது, நன்றி. அந்தப் பாடத்தை வருஷா வருஷம் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வாரமே செய்து பார்க்கிறேன்.

ஆனால் "கிணறு நனஞ்சிடும்" என்று எழுதினால் நான் "நனைந்துவிடும்" என்று திருத்தாமல் விடுவதா? பேச்சுத் தமிழில் எழுத விட்டால் அதுவே கையோடு ஒட்டிக்கொள்ளும். இதில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

#9 மெய்ப்பு

பல வருஷமாகப் பிறர் எழுத்தைத் திருத்தியே சாப்பிடுகிறவள் நான். ஒற்று மிகுந்தால் என் கண்ணுக்கு உறுத்தும். அதனால் ஐந்தாம் மணி சாரின் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் மறுபக்கம் நிற்கிறேன்.

தமிழ்ப் பிள்ளைக்கு இருக்கிற சங்கடத்தை நாம் யோசிப்பதே இல்லை. அதன் தலைக்குள் கதை பேச்சுத் தமிழில் ஓடுகிறது. கை எழுத்துத் தமிழில் எழுதவேண்டும். "வந்துட்டான்" என்பதை "வந்துவிட்டான்" என்று மாற்றி, வல்லின றகரமா இடையின ரகரமா என்று யோசித்து, ஒரு வரியை முடிப்பதற்குள் வந்தவன் போயே போய்விடுகிறான். பிள்ளை என்ன செய்யும்? ஏற்கெனவே எழுத்துத் தமிழிலேயே தெரிந்த வரியாகப் பார்த்து எடுத்து எழுதும். அப்படிப் பிள்ளைக்குத் தெரிந்த வரி எது? "ஆகவே நாமும் விடாமல் முயற்சி செய்ய வேண்டும்." அது தப்பே வராத வரி. டீச்சர் #1இல் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

என் அண்ணன் மகனோடு நான் செய்வது இதுதான். நோட்டில் இடப்பக்கம், வலப்பக்கம். இடப்பக்கம் எந்தத் தமிழிலும் எழுதலாம், எழுத்துப் பிழையைப் பார்க்கவே மாட்டேன். போன வாரம் அவன் எழுதியது:

"பாட்டி கதவ தொறந்தாங்க. யாருமே இல்ல. செருப்பு மட்டும் இருந்துச்சு. யாருடா அதுன்னு கேட்டாங்க. செருப்பு நகந்துச்சு."

மறுநாள் இருவரும் உட்கார்ந்து வலப்பக்கம் எழுதினோம்:

"பாட்டி கதவைத் திறந்தார். யாருமே இல்லை. செருப்பு மட்டும் இருந்தது. 'யாருடா அது?' என்று கேட்டார். செருப்பு நகர்ந்தது."

வலப்பக்கத்தில் கதைக்கு ஒரு கேடும் வரவில்லை. இலக்கணமும் அவனே கற்றுக்கொண்டான், ஏனென்றால் அவன் கதையை அவனே துலக்குகிறான். ஆனால் இடப்பக்கம் இல்லாமல் வலப்பக்கம் வந்திருக்காது. நேராக எழுதச் சொல்லியிருந்தால் அந்தச் செருப்பு நகர்ந்திருக்காது.

"யாருடா அது?" என்பதை மட்டும் மாற்றவில்லை. பாட்டி அப்படித்தான் பேசுவார். கதையில் வருகிற ஆட்கள் அவரவர் வழக்கில் பேசுவதைப் புதுமைப்பித்தன் 1930களிலேயே நம் சிறுகதைக்குள் கொண்டுவந்துவிட்டார். பிள்ளைகளுக்கு மட்டும் அதை மறுக்க நமக்கு என்ன உரிமை?

இன்னொன்று, வலப்பக்கத்திலும் எல்லாப் பிழையையும் ஒரே நாளில் திருத்தாதீர்கள். இந்த வாரம் ல, ள, ழ மட்டும். அடுத்த வாரம் ஒற்று. தாள் முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை கதையைத் திருத்தாது, கதையைச் சுருக்கும். குறைவாக எழுதினால் குறைவான பிழை என்று அதற்குத் தெரியும்.

#10 மழலை வகுப்பு

எழுதவே தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கும் இது உண்டு என்பதற்காக எழுதுகிறேன். சிகாகோவில் மழலையர் வகுப்பு நடத்திய விவியன் கசின் பேலி தன் வகுப்பில் செய்தது: பிள்ளை சொல்லச் சொல்ல ஆசிரியர் எழுதுவார், அதன் வார்த்தையை மாற்றாமல். பிறகு வகுப்பு முழுக்கச் சேர்ந்து அதை நடிக்கும். கதை சொன்ன பிள்ளை தனக்கு எந்த வேஷம் என்று முடிவு செய்யும்.

நான் இரண்டு வருஷமாகச் செய்கிறேன். ஒரு பிள்ளை சொன்ன மொத்தக் கதை: "பூனை வந்துச்சு. போயிடுச்சு." நடித்தோம். பூனையாக வந்த பையன் போக மாட்டேன் என்று நின்றுவிட்டான். அடுத்த நாள் அதே பிள்ளை சொன்ன கதை: "பூனை வந்துச்சு. போக மாட்டேன்னுச்சு. ஏன்னா வெளிய இருட்டு."

#11 தூங்காத அம்மா

நூலகப்படி அக்கா, நீங்க சொன்ன மாதிரியே பாதியில நிறுத்தினேன். மூணு நாள் அவளா முடிச்சுச் சொன்னா, நாலாவது நாள் நோட்டை எடுத்துட்டா. கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு.

ஆனா இப்ப வேற கவலை. அவ எழுதின கதையில அந்தப் பொண்ணோட அம்மா செத்துப்போறாங்க. முதல் வரியிலேயே. நான் நல்லாத்தான் இருக்கேன். இது எதுக்கு இப்படி எழுதுறா? "நல்லதா எழுது"ன்னு சொல்லலாமா?

#12 நூலகப்படி

சொல்லாதீங்கம்மா. பயப்படவும் வேண்டாம்.

மேலே ப்ராப் சொன்ன 31இல் முதல் செயல் என்ன என்று எழுதியிருந்தேன். வீட்டில் ஒருவர் இல்லாமல் போவது. அதன் கடுமையான வடிவம் பெற்றோரின் சாவு என்று அவரே சொல்கிறார். அம்மா வீட்டில் இருக்கிறவரை அந்தப் பெண்ணைக் காட்டுக்குள் யார் தனியாக விடுவார்கள்? கதை தொடங்கவேண்டும் என்றால் உங்களை நகர்த்தத்தான் வேண்டும். அதோடு, தான் மிகவும் பயப்படுகிற ஒன்றைக் கதைக்குள் வைத்துப் பார்ப்பது பிள்ளைகளுக்குத் தேவைப்படுகிறது. கதை என்றால் நோட்டை மூடிவிடலாமே.

"அந்தப் பொண்ணு அப்புறம் என்ன செஞ்சா, சொல்லு" என்று மட்டும் கேளுங்கள்.

டீச்சர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே பயம் திரும்பத் திரும்ப வந்தாலோ, அடி, காயம் என்று நிஜத்தில் நடந்தது போலத் தெரிந்தாலோ, அது வேறு விஷயம். அந்தப் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும், தேவையான இடத்தில் உதவி கேட்க வேண்டும். எந்தப் பிள்ளையின் தாளையும் அதன் சம்மதம் இல்லாமல் வகுப்பில் வாசிக்க வேண்டாம். பாராட்டுவதற்காகக்கூட.

#13 கரும்பலகை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லவேண்டும்.

"தண்ணி மண்ணாயிடாதா?" என்று எழுதிய பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் கேள்வியைப் போர்டில் எழுதலாமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "பேர் போடாதீங்க டீச்சர்" என்றாள். பேர் போடாமல் எழுதினேன். எழுதிவிட்டுத் திரும்பி நின்று ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். அறிவியல் வாத்தியார் சார், அந்த மூன்று விநாடி எவ்வளவு நீளம்! ஏழு வரை எண்ணவேண்டியிருந்தது. பிறகு ஒரு கை எழுந்தது. அடுத்து நாலு. ஜோடி ஜோடியாகப் பேசச் சொன்னேன்.

மறுநாள் ஒரே அளவில் இரண்டு கண்ணாடிப் பாட்டில் கொண்டுபோனேன். ஒன்றில் பாதித் தண்ணீர், இன்னொன்றில் கால். பிள்ளைகளே ஒவ்வொரு கல்லாகப் போட்டார்கள். பாதி இருந்த பாட்டிலில் தண்ணீர் ஏறி ஏறி வாய்க்கு வந்துவிட்டது, கைதட்டினார்கள். கால் பாட்டிலில் கல் கழுத்துவரை வந்தது. தண்ணீர் பாதியைச் சற்றுத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டது. இன்னொரு கல் வைக்க இடமில்லை.

வகுப்பே அமைதியானது. ஒருவன் கேட்டான், "அப்ப கதை பொய்யா டீச்சர்?" நான் வாயைத் திறக்கப் போனேன், நல்லவேளையாகத் திறக்கவில்லை. "கதை பொய்யில்ல, ஜாடி வேற" என்றாள் ஒருத்தி. "காகத்துக்கு முதல்லயே தெரியுமா, இது எந்த ஜாடின்னு?" என்றான் இன்னொருவன். இதற்கு இன்றுவரை வகுப்பில் முடிவு ஏற்படவில்லை. காகத்துக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு கட்சி, தெரியாமல்தான் போட்டது, அதனால்தான் அது பெரிய விஷயம் என்று ஒரு கட்சி.

பிறகு எழுதச் சொன்னேன். இடப்பக்கம், எந்தத் தமிழிலும். "கால் ஜாடிக் காகம்" என்பது மட்டும்தான் நான் கொடுத்தது. இந்த முறை "ஆகவே நாமும்" நாலு தாளில் வந்தது. மற்றவற்றில் மழைக்குக் காத்திருந்த காகம் உண்டு, கல்லை எல்லாம் திரும்ப வெளியே எடுத்த காகம் உண்டு, ஜாடியைத் தள்ளி உடைத்து ஒரு வாய் மட்டும் குடித்துவிட்டு மீதித் தண்ணீர் மண்ணுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த காகமும் உண்டு.

அந்தப் பெண் எழுதியதை அவள் சம்மதத்தோடு இங்கே போடுகிறேன். இடப்பக்கம்தான். வலப்பக்கம் இன்னும் எழுதவில்லை.

"காகம் கல்லு போட்டுச்சு. கல்லு மேல வந்துச்சு தண்ணி வரல. காகம் கல்லு மேல ஏறி உக்காந்துச்சு. கல்லு ஜில்லுனு இருந்துச்சு. அலக கல்லுக்கு நடுவுல விட்டு பாத்துச்சு. நுனி மட்டும் ஈரம். கீழ தண்ணி இருக்குன்னு அதுக்கு தெரியும். வேற காகத்த கூப்புடலாமான்னு யோசிச்சுச்சு. கூப்புட்டா தண்ணி பத்தாது."

#14 அறிவியல் வாத்தியார்

"கூப்புட்டா தண்ணி பத்தாது." இந்த ஒரு வரியை வைத்து ஒரு வாரம் வகுப்பு நடத்தலாம் டீச்சர். காகம் கூப்பிட வேண்டுமா, வேண்டாமா? உங்கள் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று கட்டாயம் எழுதுங்கள்.

#15 ஐந்தாம் மணி

நானும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வேற்றுமை உருபு செய்து பார்த்தேன். ஜோடியாகப் பேசவிட்டதில் ஆறு ஜோடி சண்டை போட்டது, பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து கேட்டுப்போனார்கள். பாதிப் பேர் நான் போர்டில் எழுதிய உதாரணத்தையே திருப்பி எழுதினார்கள். பேச்சுத் தமிழ் விஷயத்தில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, இடப்பக்கத்துக்கு மட்டும் விட்டிருக்கிறேன்.

ஆனால் ஜூன் மாதத்திலிருந்து என் வகுப்பில் ஒரு பையன் வாய் திறந்ததில்லை. கடைசி வரிசை. சீட்டில் அவனுக்கு வந்தது ஏணி, நிலா. "நிலாவுக்கு ஏணி எதுக்கு, அது ஏற்கெனவே மேலதான இருக்கு, இறங்குறதுக்கு" என்று எழுந்து நின்று சொன்னான். அவன் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை அந்தப் பாட்டில் சோதனையைச் செய்யலாம் என்றிருக்கிறேன். 52 பேருக்கு எத்தனை பாட்டில் வேண்டும்? கல் என்ன அளவு?

#16 கரும்பலகை

எட்டுப் பேருக்கு ஒரு ஜோடி போதும் சார். வாய் அகலமான பாட்டிலாகப் பாருங்கள், கழுத்து குறுகினால் கல் சிக்கிக்கொள்ளும். கல் கோலிக்குண்டு அளவில், ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கட்டும். தண்ணீர் மட்டத்துக்கு வெளியே ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

கல்லை எல்லாம் முந்தின நாளே கழுவிக் காயவைத்துவிட்டேன் நான், அது தப்பு. நீங்கள் ஒரு குழுவுக்காவது கழுவாத கல்லைக் கொடுங்கள். தண்ணி மண்ணாயிடுமா என்று அவள் கேட்டதை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.